சோமா க்ரூஸ் பேருல இருக்கது சோமபானமா? கூடவே: 60 பேருக்கு என்ன காய்ச்சலாம்?

#1 தாமிரபரணிக்கரை
கேள்வி ரெண்டு.

ஒண்ணு: காசில்வேனியா ஆரியா ஆஃப் சாரோ (2003, கேம் பாய் அட்வான்ஸ்) கேமோட நாயகன் சோமா க்ரூஸ். இந்தச் "சோமா" வேதத்துல வர்ற சோமபானம்தானா? பையன் அரக்கர்களோட ஆன்மாவை உறிஞ்சிப் பலம் ஏத்திக்கிடுதான். இந்திரன் சோமம் குடிச்சிட்டுச் சண்டைக்குப் போற மாதிரியே இருக்கு.

ரெண்டு: பாளையங்கோட்டையில பழைய கேம்களை வச்சு ஒரு நாள் கூட்டம் நடத்துதோம். 60 பேர் வருவாங்க. அதுக்கு "சோமா" பேருல ஒரு மூலிகைப் பானம் கொடுக்கலாம்னு யோசனை. பாறைக்காட்டுல சோமக்கொடி கிடைக்கும்னு ஒருத்தர் சொன்னாரு. அதைக் கொஞ்சமா இடிச்சுச் சேக்கலாமா?

#2 பழையகேசட்
சோமா டிராகுலாவோட மறுபிறவி. (இருபது வருசம் ஆச்சு, இனிமே இதை மறைச்சு வச்சு என்ன செய்ய.) பானத்தோட சம்பந்தம் உண்டுன்னுதான் எனக்குத் தோணுது. கேமோட ஜப்பானியத் தலைப்புல "விடியற்கால நிலா"ன்னு வருது. டிராகுலா கோட்டை இருக்கது சூரிய கிரகணத்துக்குள்ள. சம்ஸ்கிருதத்துல சோமன்னா நிலா. தேய்பிறையில தேவர்கள் நிலாவுல இருக்க சோமத்தைக் குடிச்சுக்கிட்டே வருவாங்க, அமாவாசைக்கு அது காலியாயிரும்னு புராணம். சூரிய கிரகணம் வர்றதே அமாவாசையிலதான். எல்லாம் கச்சிதமாப் பொருந்துதுல்லா?

#3 கானாஎழுத்து
பொருந்துது அண்ணாச்சி. அதான் சந்தேகமே. பேரு ஆராய்ச்சியில ரொம்ப அழகாப் பொருந்துறதை முதல்ல நம்பக்கூடாது.

ஜப்பானிய மூலத்துல அவன் பேரு "குருசு ஸோமா". கான்ஜி எழுத்துல (சீனத்துல இருந்து வந்த, ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் உள்ள எழுத்து) எழுதியிருக்கு. ஸோமாவுக்கு ரெண்டு எழுத்து: முதல் எழுத்து வெளிறின நீலம், இல்லாட்டி நீலப்பச்சை, ரெண்டாவது உண்மை. பையன்களுக்குச் சாதாரணமா வைக்கிற பேருதான். சோம பானத்தை ஜப்பான்ல எழுதுறது கத்தகானாவுல (வெளிநாட்டுச் சொல்லுக்கான சத்த எழுத்து), "ஸோ"வுக்குப் பிறகு நெடில்கோடு போட்டு. பையன் பேரைச் சத்த எழுத்தான கானாவுல எழுதினா ஸோ-உ-மா. வாயில வர்ற சத்தம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், எழுத்துதான் வேற. ஆங்கிலத்துக்குப் போகும்போது நெடிலும் போயிருது, கான்ஜியும் போயிருது. நம்ம கைக்கு வர்றப்ப ரெண்டுமே "சோமா". குழப்பம் இங்கதான் பிறக்குது. போதாததுக்கு ஸோமாங்கிறது ஜப்பான்ல குடும்பப் பேராவும் இருக்கு, ஃபுகுஷிமா பக்கம் ஒரு ஊர்ப் பேராவும் இருக்கு. அதுக்குத் தனி கான்ஜி.

கிரகண விசயம். கதை நடக்கது 2035-ல. 2035 செப்டம்பர் 2 அன்னிக்கு ஜப்பான்ல நிசமாவே முழுச் சூரிய கிரகணம் தெரியப் போவுது. வானியல் பஞ்சாங்கத்தைப் பாத்தாலே அந்த வருசம் கிடைச்சிரும், புராணம் வரைக்கும் போக வேண்டாம்.

#4 பழையகேசட்
சத்தத்தை முதல்ல முடிவு பண்ணிட்டுப் பிறகு கான்ஜி தேடுறதும் அங்க வழக்கம்தானே. பானத்தை மனசுல வச்சுப் பேரைத் தீர்மானிச்சிட்டு, நீலம்-உண்மைன்னு எழுத்தைப் பிறகு போட்டிருந்தா?

#5 கானாஎழுத்து
நியாயமான கேள்விதான். கான்ஜி மட்டும் சாட்சி ஆவாது. அதனால அடுத்த இடத்தைப் பாக்கணும்: பேரை உண்டாக்குனவங்களே அதைப் பிறகு எப்படி எடுத்தாண்டிருக்காங்கன்னு. 2005-ல நின்டெண்டோ டிஎஸ்-க்கு வந்த தொடர்ச்சி டான் ஆஃப் சாரோ. அதோட ஜப்பானியத் தலைப்பு "நீல நிலவின் சிலுவை". அந்த "நீலம்" எந்த எழுத்துன்னு பாருங்க: ஸோமா பேரோட முதல் எழுத்தேதான். "சிலுவை" எங்க இருந்து வந்துச்சு? குடும்பப் பேருல இருந்து. குருசுன்னா சிலுவை. ஆக, தலைப்பு வச்சவங்க அந்தப் பேரை "நீலம் + சிலுவை"ன்னுதான் வாசிச்சிருக்காங்க. டிராகுலாவோட மறுபிறவிக்குச் சிலுவைன்னு பேரு, அதுதான் அவங்க வச்ச குத்தல். பானம் இதுல எங்கயும் தலை காட்டலை.

#6 முத்துக்குளித்துறை
ஒரு நிமிசம். குருசுன்னா சொன்னீங்க?

தூத்துக்குடி, மணப்பாடு பக்கம் சிலுவைக்குப் பழைய வார்த்தை குருசு. சின்னச் சிலுவைக் கோயிலுக்குக் குருசடி. குரூஸ்னு குடும்பப் பேரும் கடற்கரை முழுக்க உண்டு. போர்த்துக்கீசிய "க்ரூஸ்"தான் மூலம்.

#7 கானாஎழுத்து
ஜப்பானியக் குருசுவுக்கும் அதே மூலம்தான்! 16-ம் நூற்றாண்டுல அங்க கிறிஸ்தவங்களானவங்க சிலுவையை அப்படித்தான் சொன்னாங்க. குடும்பப் பேருக்குப் போட்டிருக்க கான்ஜி வெறும் சத்தத்துக்காகப் போட்டது, எழுத்துக்கெழுத்து அர்த்தம் பாத்தா ஒண்ணும் தேறாது.

#8 முத்துக்குளித்துறை
அப்ப வழியும் ஒண்ணுதான். பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542. அதே மனுசன் ககோஷிமாவுல கரையிறங்குனது 1549. அவரு ஒருத்தரே அந்தச் சொல்லை ரெண்டு இடத்துலயும் விதைச்சாருன்னு சொல்ல மாட்டேன், போர்த்துக்கீசியக் கப்பல்கள் அவருக்கு முந்தியே ரெண்டு கரைக்கும் போய் வந்துக்கிட்டிருந்துச்சு. ஆனா ஒரே வியாபாரப் பாதை, ஒரே மிஷன், ஒரே சொல். 1986-ல தூத்துக்குடி தனி மாவட்டமாப் பிரியிற வரைக்கும் மணப்பாடும் திருநெல்வேலிச் சீமைதான். சோமாவுல நெல்லைச் சம்பந்தம் தேடப் போயி, அது க்ரூஸ்ல இருந்திருக்கு பாருங்க.

#9 தாமிரபரணிக்கரை
இதை நினைச்சுக்கூடப் பாக்கலை. அப்போ சோமான்னு பேருள்ள எந்தக் கேம் பாத்திரத்துக்கும் பானத்தோட உறவு கிடையாதா?

#10 கானாஎழுத்து
இருக்கே. காட் ஈட்டர் (2010, பிஎஸ்பி). அதுல சோமா ஷிக்சால். முழுப் பேரும் கத்தகானா. அது ஒண்ணே சாட்சின்னு சொல்ல வரலை, ஷிக்சால் ஜெர்மன் சொல் (விதின்னு அர்த்தம்), வெளிநாட்டுப் பேருன்னா எப்படியும் கத்தகானாதான். பக்கத்து வீட்டுக்காரங்க யாருன்னு பாருங்க. அந்த கேம்ல வர்ற அரக்கங்க பேரு: வஜ்ரா, பிருத்வி மாதா, த்யவுஸ் பிதா. மண்ணுத்தாய், விண்ணுத்தந்தை, இந்திரனோட ஆயுதம். மூணும் ரிக்வேதத்துல உள்ளது. அந்தத் தெருவுல சோமான்னு ஒருத்தன் குடியிருந்தா அவன் பானம்தான்னு நான் துணிஞ்சு சொல்லுவேன். தயாரிச்சவங்க வாயால சொன்ன சாட்சி இல்லாம நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன்.

ஷின் மெகாமி டென்சேய், பெர்சோனா வரிசையில சோமாங்கிறது ஆளே இல்லை, பொருள். குடிச்சா உயிரும் மந்திர சக்தியும் முழுசா நிரம்பும். அங்க சந்தேகத்துக்கு இடமே கிடையாது, அது பானமேதான்.

#11 வெட்டிப்பேச்சு
சோமபானம்னா சரக்குதானே வே. பேப்பர்லயே அப்படித்தான எழுதுதாங்க. இதுக்கு எதுக்கு இத்தனை ஆராய்ச்சி.

#12 ஏட்டுச்சுவடி
பேப்பர்காரங்க கிண்டலுக்கு எழுதுறது. வேதச் சடங்குல சோமம் வேற, சுரா வேற. சுராதான் புளிக்க வச்ச மது வகை. சோமத்தைப் பிழிஞ்ச அன்னிக்கே குடிச்சிரணும்: காலை, உச்சி, மாலைன்னு ஒரே நாள்ல மூணு பிழிவு. புளிச்சுப் போதையேற அங்க நேரமே கிடையாது. சோமங்கிற சொல்லே "பிழி"ங்கிற வேர்ல பிறந்தது. பழைய ஈரானிய அவெஸ்தா மொழியில ச ஹ ஆயி ஹவோமா.

செய்முறை இவ்வளவுதான்: தண்டைத் தண்ணியில ஊற வச்சு உப்ப விடணும், கல்லால நசுக்கணும், ஆட்டு ரோமச் சல்லடையில வடிக்கணும், பாலோ தயிரோ யவ (பார்லி) மாவோ கலக்கணும். ரிக்வேதத்து ஒன்பதாம் மண்டலம் 114 பாட்டும் அந்த வடிகட்டுற சோமத்தைப் பத்தினதுதான். நிறத்தை மஞ்சள்பச்சைன்னும் பழுப்புன்னும் சொல்லியிருக்கு.

தமிழ்ல அந்தச் சடங்கோட தடம் வேணும்னா நாயன்மார்ல சோமாசிமாறர் இருக்காரு. சோமயாஜிதான் (சோம யாகம் செஞ்சவர்) சோமாசி. தீபாவளிக்குச் சுடுற சோமாஸை இதுல கொண்டாந்து சேக்காதீங்க, தயவுசெய்து.

#13 பொதிகைத்தாவரம்
முதல் பதிவுல "பாறைக்காட்டுல சோமக்கொடி"ன்னு இருக்கதை யாரும் கண்டுக்கிடலையே. அது வேண்டாம், தம்பி. துளிகூட.

மூலச் செடி எதுன்னு இன்னிக்கு வரைக்கும் தீர்ப்பு இல்லை. கார்டன் வாசன்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1968-ல ஃப்ளை அகாரிக்ங்கிற காளான்னாரு. எபெட்ராங்கிற புதர்ச்செடின்னு சொல்லுறவங்க உண்டு, சிரியன் ரூ செடிங்கிறவங்களும் உண்டு. தெக்க அந்தச் செடி கிடைக்காததால யாகத்துக்கு மாத்தாப் பிடிச்சது கொடிக்கள்ளி. 1975-ல கேரளத்துப் பாஞ்ஞாள்ல நடந்த அக்னிசயனம்ங்கிற வேத யாகத்துலயும் அதுதான். நம்மூர்ல சோமக்கொடி, சோமலதைன்னு சொல்லுறதும் இதைத்தான். எருக்குக் குடும்பம். இலை கிடையாது, பென்சில் கனத்துல கணுக்கணுவாப் பச்சைத் தண்டு, வேலியிலயும் பாறையிலயும் சுத்தி ஏறும். ஒடிச்சா பால் கொட்டும். பூ வெள்ளையாக் கொத்துக் கொத்தா, நல்ல வாசம்.

தப்பு நடக்கிற இடம் இதுதான்: திருகுகள்ளியும் இலையில்லாத பச்சைக் குச்சிதான், ஒடிச்சா அதுவும் பால்தான். ஆனா அது கொடி கிடையாது, நிமிர்ந்து புதராவும் மரமாவும் நிக்கும். அந்தப் பால் கண்ணுல பட்டா கருவிழி வெந்துபோகும். பட்டுருச்சுன்னா தேய்க்காம, ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிசத்துக்குக் குறையாமக் கழுவிட்டு நேரா கண் ஆஸ்பத்திரி. தாய்ப்பால் விடுறது, விளக்கெண்ணெய் விடுறது எதுவும் கூடாது. கொடிக்கள்ளியும் சாதுன்னு எண்ணாதீங்க: கரும்புக்குக் கரையான் வந்தா, உப்பு மூட்டையோட இந்தக் கொடியைக் கட்டி வயலுக்குப் பாயுற தண்ணியில போடுற வழக்கம் பழைய தாவரக் குறிப்புகள்ல இருக்கு. கரையானை விரட்டுற சாமானை 60 பேர் வயித்துல விடாதீங்க.

இன்னொண்ணு, ஆன்லைன்ல "சோமலதா பொடி"ன்னு விக்கிறது கொடிக்கள்ளியே கிடையாது, எபெட்ரா. பேரு ஒண்ணு, செடி ரெண்டு. அதுல எபெட்ரின் இருக்கு, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏத்தும். அமெரிக்காவுல 2004-ல துணை உணவுகள்ல அதைத் தடையே பண்ணிட்டாங்க. களக்காடு முண்டந்துறைப் பக்கம் போயிப் பறிக்கலாம்னு யாராச்சும் கிளம்புனா, அது புலிகள் காப்பகம். செடி பறிச்சா வழக்கு.

#14 தாமிரபரணிக்கரை
சரி அண்ணாச்சி, கொடியை விட்டாச்சு. அமிர்தவல்லின்னு சீந்திலைச் சொல்லுதாங்களே?

#15 சுக்குத்தட்டி
சீந்தில் கசப்பு, ஒரு வாய்க்கு மேல யாரும் குடிக்க மாட்டாங்க. அதோட சீந்தில் எடுத்துக் கல்லீரல் பாதிச்ச கேஸும் பதிவாகியிருக்கு. யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரைன்னு தெரியாத கூட்டத்துக்கு மருந்துச் சாமான் கொடுக்கக் கூடாது. அடுக்களைச் சாமானோட நிறுத்திக்கிடுங்க.

பிழியணும், வடிகட்டணும், பால் கலக்கணும், நிறம் பழுப்பு. இந்த நாலுக்கும் கிட்ட வர்றது சுக்குக்காப்பிதான். பச்சை இஞ்சியைப் பிழிஞ்சா இன்னும் கிட்டத்துல வரும், ஆனா அதுல ஒரு வில்லங்கம் இருக்கு. பச்சை இஞ்சிச் சாத்துல புரதத்தை அறுக்கிற நொதி உண்டு, வெதுவெதுப்பான பால்ல ஊத்துன கொஞ்ச நேரத்துல தயிர் மாதிரி உறைஞ்சிரும். சாத்தைக் கொதிக்க விட்டா நொதி செத்துரும், கூடவே பச்சை மணமும் போயிரும். அதுக்குச் சுக்கே மேல்.

60 பேர், ஆளுக்கு 100 மில்லி, மொத்தம் 6 லிட்டர். சுக்கு 60 கிராம், மல்லி 60, மிளகு 12, ஏலக்காய் 15 காய், கருப்பட்டி 700 கிராம், தண்ணி ஆறே முக்கால் லிட்டர். காரம் அளவாத்தான் இருக்கும், சின்னப் பிள்ளைங்களும் குடிக்கலாம்.

"சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு." மேல்தோலைக் கத்தியால சுரண்டி எடுத்துருங்க. நாட்டு மருந்துக் கடையில வெள்ளை வெளேர்னு இருக்கது சுண்ணாம்புல புரட்டினது, மண்ணு நிறத்துல இருக்கதை வாங்குங்க. ஒடிச்சுப் பாத்தா உள்ள பூச்சித் துளை இருக்கக் கூடாது. முழுச் சுக்கை மிக்சியில போட்டா பிளேடு மழுங்கும், சமயத்துல ஜாரே விரியும். உரல்லயோ, துணியில சுத்தி அம்மியிலயோ தட்டி, மிளகளவு நொறுக்குங்க. மாவாக்கிராதீங்க. இங்கதான் எல்லாரும் கெடுத்துக்கிடுதாங்க. சுக்குல மாவுச்சத்து ஜாஸ்தி, நைசாப் பொடிச்சுக் கொதிக்க வச்சா கொழகொழன்னு ஆயி, அடியில வண்டல் நின்னு, கடைசி இருபது பேருக்குத் தொண்டையில அரிக்கும்.

மல்லியை வாசம் வர்ற மட்டும் வெறும் சட்டியில வறுங்க. சிவந்தா கசக்கும். மல்லியும் மிளகும் ஒண்ணு ரெண்டாத் தட்டி, சுக்கோட சேத்துத் துணி முடிச்சாக் கட்டுங்க. ஆறு லிட்டர் தண்ணி கொதிச்ச பிறகு முடிச்சைப் போட்டு, மூடி வச்சு, சிறு தீயில இருபது நிமிசம். ஏலக்காயை இறக்குற நேரத்துல தட்டிப் போட்டாப் போதும், முதல்லயே போட்டா மணம் ஆவியோட போயிரும்.

கருப்பட்டியைத் தனியா, மிச்சமிருக்க முக்கால் லிட்டர் தண்ணியில கரைச்சு, காடாத் துணியில வடிச்சுத்தான் சேக்கணும். எவ்வளவு நல்ல உடன்குடிக் கருப்பட்டியா இருந்தாலும் மண்ணும் ஓலைத் துணுக்கும் இருக்கும். வாங்கும்போது ஒண்ணை உடைக்கச் சொல்லுங்க: உடைஞ்ச முகம் மங்கலா இருந்தா நல்லது, சீனி மணி மாதிரி மின்னுச்சுன்னா கலப்படம்.

#16 பழையகேசட்
பால்? வேதத்துலயே பால் கலந்திருக்காங்க, விடக்கூடாது.

#17 சுக்குத்தட்டி
ஊத்தலாம். ஒன்றரை லிட்டர் பாலைத் தனியாக் காய்ச்சுங்க, தண்ணியை அந்த அளவுக்குக் குறைச்சுக்கிடுங்க. கருப்பட்டியில கொஞ்சம் புளிப்பு உண்டு. கொதிக்கிற பால்ல போட்டா திரிஞ்சிரும். கசாயத்தை அடுப்புல இருந்து இறக்கி அஞ்சு நிமிசம் ஆறவிட்டு, பாலையும் இறக்கி வச்ச பிறகு கலங்க. கலந்ததைத் திரும்ப அடுப்புல ஏத்தவே கூடாது. அறுபது பேருக்கு மொத்தமாக் கலந்து வைக்காம, பாதியைக் கருங்காப்பியாவே விட்டா பால் ஆகாதவங்களுக்கும் ஆச்சு, திரிஞ்சா நட்டமும் பாதிதான்.

#18 முத்துக்குளித்துறை
வெயில் நாளா இருந்தா பானக்காரமே போதுமே. அடுப்பே வேண்டாம்: புளி, கருப்பட்டி, சுக்கு, ஏலம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்ல கொடுக்கிறதுதான்.

#19 சுக்குத்தட்டி
போதும். ஆனா தண்ணி கொதிச்சு ஆறினதா இருக்கணும், பித்தளைப் பாத்திரத்துல புளியைக் கரைச்சு வைக்கக் கூடாது. பதநீர் வாங்கலாம்னு யாரும் ஆரம்பிச்சிராதீங்க, காலையில வந்தது மத்தியானத்துக்குள்ள புளிச்சு, பதிவு 11-ல உள்ளவர் சொன்னது பலிச்சிரும்.

#20 தாமிரபரணிக்கரை
கருங்காப்பி 3 லிட்டர், பால் கலந்தது 3 லிட்டர். பலகையில "சோமபானம்"னு எழுதலாமா?

#21 ஏட்டுச்சுவடி
எழுதுனா மண்டபத்துக்காரரு முதல் ஆளா ஓடி வந்து மூடியைத் திறந்து மோந்து பாப்பாரு.

#22 கானாஎழுத்து
அதோட தப்பாவும் போகும், க்ரூஸ் படத்துக்குக் கீழ அந்தப் பேரு நிக்காது. சோமபானம்னு எழுதியே ஆகணும்னா பலகையை காட் ஈட்டர் மேசையில வைங்க. காசில்வேனியா மேசைக்குக் குருசுக் காப்பி.

#23 தாமிரபரணிக்கரை
அப்படியே ஆகட்டும், குருசுக் காப்பி. 60 கிராம் சுக்கு, 700 கருப்பட்டி. நாளைக்கு டவுன்ல வாங்கிருதேன்.

#24 சுக்குத்தட்டி
சுக்கு 75 வாங்குங்க, தோல் சுரண்டுனா எடை குறையும். குழாய் வச்ச எவர்சில்வர் டிரம்லதான ஊத்தப் போறீங்க? துணி முடிச்சுல இருந்து மல்லித் தோல் எப்படியும் நழுவும், அது போயி உக்காருற இடம் அந்தக் குழாய்தான். டிரம்முல ஊத்துறதுக்கு முந்தி இன்னொரு தடவை வடிச்சிருங்க.